செட்டிநாட்டில் கிறிஸ்தவக் குடும்பங்களின் அன்றாடச் சேவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல், கல்லல் வட்டாரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பங்குத்தந்தையிடமும் போதகரிடமும் அன்பியக் கூட்டங்களிலும் (பக்கத்துப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் சிறு குழுக்கள்) திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. அறக்கட்டளை, கட்டடம், வெளிநாட்டு நன்கொடை எதுவும் இல்லாத ஒரு குடும்பம், தன் பிழைப்பைப் பார்த்துக்கொண்டே செய்யக்கூடியவற்றுக்கு மட்டுமே இங்கே பதில் இருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது? முதியோர் இல்லத்தில் ஒருநாள் சாப்பாடு போடலாமா?

தாராளமாகப் போடலாம். அதற்கு முன்னால் யாருக்காவது கூலி பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள்.

கூலியாளுக்குப் பொழுது சாய்வதற்குள் கூலி போய்ச் சேர வேண்டும் என்கிறது உபாகமம் (இணைச்சட்டம்) 24:14-15. அவன் ஏழை, அந்தக் காசை நம்பித்தான் இருக்கிறான் என்று காரணமும் அங்கேயே இருக்கிறது. யாக்கோபு 5:4 இன்னும் கடுமை: பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார். பாக்கியை வைத்துக்கொண்டு தர்மம் செய்பவர் அடுத்தவர் காசில்தான் தர்மம் செய்கிறார்.

பழைய வீடுகள் நிறைந்த ஊர் இது. ஓடு மாற்றுவது, காரை பெயர்ந்த சுவரைப் பூசுவது என்று வருஷம் முழுக்க மராமத்து நடக்கும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை சாயங்காலம் வாரக்கூலி. அங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு என்னவென்றால், மொத்தப் பணத்தையும் ஐந்நூறு ரூபாய் நோட்டாகக் கொத்தனார் கையில் கொடுத்துவிடுவார்கள். சில்லறை மாற்றிப் பிரித்து முடிப்பதற்குள் கிராமத்துக்குப் போகும் பஸ் போய்விடும், கடைசியில் நிற்பது சித்தாள் பெண்தான். வெள்ளிக்கிழமையே சில்லறை வாங்கி வைத்து, ஆளுக்கொரு கவரில் பெயர் எழுதி, வேலை முடியும் நேரத்தில் நீங்களே கையில் கொடுங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் எவ்வளவு பிடித்தம், மீதி எவ்வளவு என்று கவர் மேலேயே எழுதிவிடுங்கள்.

கிறிஸ்துமஸுக்குச் சேலை எடுத்துக் கொடுத்துவிட்டு டிசம்பர் சம்பளத்தை ஜனவரி பத்தாம் தேதிக்குத் தள்ளும் வீடுகள் உண்டு. சேலையே வேண்டாம், சம்பளம் ஒன்றாம் தேதி வந்தால் போதும் என்றுதான் வாங்குபவர் மனசுக்குள் நினைப்பார்.

வீட்டில் வேலை செய்பவருக்குச் சம்பளம் ஒழுங்காகக் கொடுக்கிறோம். வேறென்ன இருக்கிறது?

டம்ளர் இருக்கிறது. பின்கட்டில் மாடத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்த டம்ளர், கிறிஸ்தவ வீட்டிலும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரே பந்தியில் நற்கருணை வாங்கிவிட்டுத் திங்கட்கிழமை தனி டம்ளரில் காபி ஊற்றுவதற்கு எந்த விளக்கமும் பொருந்தாது. ஒருநாள் எடுத்துப் போட்டுவிட்டு எல்லாருக்கும் உள்ள டம்ளரிலேயே கொடுங்கள், அறிவிப்பு எதுவும் வேண்டாம். உட்காரச் சொல்லுங்கள். கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் காலை முதல் மதியம் வரை அடக்கிக்கொண்டிருப்பார்.

வாரத்தில் ஒருநாள் சம்பளம் பிடிக்காத விடுப்பு கொடுங்கள். நீங்கள் கோயிலுக்குப் போகும் நாளில் அவரை மதியச் சமையலுக்கு வரச் சொன்னால் ஓய்வு நாள் உங்களுக்கு மட்டும்தானா என்ற கேள்வி வரும்.

அவர் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். வீட்டுப் பணியாளருக்கும் கட்டுமானத் தொழிலாளருக்கும் தனித்தனி வாரியம் உண்டு. வயது 18 முதல் 60க்குள் இருக்க வேண்டும். பதிவுக்கு ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம் வேண்டும், இவற்றோடு வேலை செய்வதற்கான சான்றும் கேட்பார்கள். அந்தச் சான்றுக்காக உங்களிடம் வரும்போது இழுத்தடிக்காமல் கையெழுத்துப் போடுவதும் சேவைதான்.

பிடி அரிசி சேர்ப்பது எப்படி? எங்கள் பங்கில் (ஒரு கோயிலைச் சேர்ந்த சபையில்) தொடங்கி இரண்டே மாதத்தில் நின்றுபோனது.

உலையில் போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனி டப்பாவில் போட்டு வைப்பது தமிழ்நாட்டுச் சபைகளில் பழைய வழக்கம். கணக்கு எளிது. ஒரு கைப்பிடி ஏறக்குறைய 50 கிராம். நாளுக்கு ஒரு பிடி என்றால் மாதம் ஒன்றரைக் கிலோ. 20 வீடு சேர்ந்தால் 30 கிலோ. தனியாக இருக்கும் வயதானவருக்கு மாதம் 5 கிலோ வீதம் ஆறு பேருக்குக் கொடுக்கலாம்.

நின்றுபோவதற்கு முதல் காரணம் கலப்பு. ஒரு வீட்டில் பொன்னிப் பச்சரிசி, இன்னொரு வீட்டில் ரேஷன் புழுங்கல், மூன்றாவது வீட்டில் இட்லி அரிசி. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டினால் ஒன்று குழையும்போது இன்னொன்று வேகாமல் நிற்கும். வாங்கிப்போனவர் வெளியே சொல்ல மாட்டார், கோழிக்குப் போட்டுவிடுவார். அதனால் புழுங்கலுக்கு ஒரு சாக்கு, பச்சைக்கு ஒரு சாக்கு, இட்லி அரிசி சேர்ப்பதே இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது வண்டு. டப்பாவில் பழைய அரிசி அடியில் கிடக்க, மேலே புதிதாகப் போட்டுக்கொண்டே போனால் மழைக்காலத்தில் மூன்று வாரத்தில் வண்டு வைத்துவிடும். டப்பாவை வெயிலில் நன்றாகக் காயவைத்து, காய்ந்த வேப்பிலை கொஞ்சமும் காய்ந்த மிளகாய் நாலும் போட்டு வையுங்கள். மாதக் கடைசி ஞாயிறு கட்டாயம் காலி செய்ய வேண்டும். அந்த வாரம் கோயிலுக்கு வராதவர் வீட்டுக்குக் கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளையோ அன்பியப் பொறுப்பாளரோ போய் வாங்கிவர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வாங்குங்கள்.

மூன்றாவது காரணத்தைப் பலர் ஒத்துக்கொள்வதில்லை. ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கும்போது பல வீடுகளில் குறைவது அரிசி அல்ல, பருப்பும் எண்ணெயும்தான். அரிசியை மட்டும் கொண்டுபோய் இறக்கினால் ரேஷன் அரிசி மேல் இன்னொரு மூட்டை அரிசி. பிடி அரிசியோடு வாரம் இருபது ரூபாய் போடும் உண்டியல் ஒன்றும் வையுங்கள். 20 வீட்டுக்கு மாதம் 1,600 ரூபாய் சேரும், அதில் துவரம்பருப்பு, கடலை எண்ணெய், புளி, சோப்பு வாங்கலாம். வாங்குவதற்கு முன் அந்த ஆறு பேரிடமும் என்ன வேண்டும் என்று கேளுங்கள். தலைவலித் தைலமும் வெற்றிலையும் கேட்பார்கள். தைலத்தையாவது வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

அரசு மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கப் போகிறோம். என்ன கொண்டுபோவது?

ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வேண்டாம். உள்நோயாளிக்கு மருத்துவமனையிலேயே சாப்பாடு உண்டு. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, அறுவைக்கு முந்தைய பட்டினி என்று ஆளுக்கொரு கட்டுப்பாடு இருக்கும். செவிலியரைக் கேட்காமல் நோயாளி கையில் எதையும் கொடுக்கக் கூடாது.

பசியோடு இருப்பவர் கூட இருக்கிறவர். கிராமத்திலிருந்து மாற்றுப்புடவைகூட இல்லாமல் ஆம்புலன்ஸில் ஏறி வந்த மனைவி, மகள், தாய். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடப்பார். அவருக்குத்தான் சாப்பாடு வேண்டும். நாலு இட்லியும் நல்லெண்ணெய் குழைத்த மிளகாய்ப் பொடியும் போதும். தேங்காய்ச் சட்னி நம் ஊர் வெயிலில் மதியத்துக்குள் ஊசிவிடும், தயிர்சாதம் புளித்துவிடும். எலுமிச்சைச் சோறு, புளியோதரை தாங்கும். காலையில் சமைத்ததை மதியம் தாண்டிக் கொடுக்காதீர்கள்.

சாப்பாட்டை விடப் பெரிய உதவி ஒன்று உண்டு. ஒரு மணி நேரம் நீங்கள் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கூட இருக்கிறவரைக் குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள். பல் துலக்கும் பிரஷ், குளியல் சோப்பு, துண்டு, போன் சார்ஜர், ஒரு வாளி ஆகியவற்றை ஒரு பையில் போட்டுப் பங்கில் நாலு செட் வைத்திருந்தால் அவசரத்துக்கு எடுத்துப் போகலாம்.

இருவர் இருவராகப் போங்கள். 1833இல் பாரிஸில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை இன்றுவரை அப்படித்தான் வீடு சந்திக்கிறது. ஒருவர் பேச, ஒருவர் கவனிக்க. கட்டிலில் உட்காரக் கூடாது, பத்து நிமிஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது, குழந்தைகளைக் கூட்டிப்போகக் கூடாது, பிரசவ வார்டுக்கு ஆண்கள் போகக் கூடாது. ஜெபம் பண்ணலாமா என்று கேட்டு, சரி என்றால் மட்டும், அந்தக் கட்டிலுக்குக் கேட்கும் குரலில் பண்ணுங்கள். பக்கத்துக் கட்டிலில் இரவெல்லாம் தூங்காதவர் படுத்திருப்பார்.

ரத்த தானம்?

வயது 18 முதல் 65 வரை, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். வெறும் வயிற்றில் போகாதீர்கள். தலைசுற்றி விழுபவர்களில் பலர் காலைப் பூசைக்குப் பட்டினியாகப் போய்விட்டு நேரே வந்தவர்கள். திருவிழா அன்று 60 பேர் மொத்தமாகக் கொடுப்பதை விட, பங்கில் யார் எந்தப் பிரிவு, கடைசியாக எப்போது கொடுத்தார் என்று ஒரு நோட்டு வைத்திருந்து கேட்கும்போது இருவர் இருவராக அனுப்புவது ரத்த வங்கிக்குப் பயன்படும். சிவப்பணுக்களை ஆறு வாரம் வரைதான் வைத்திருக்க முடியும்.

எங்கள் தெருவில் பெரிய வீட்டில் ஓர் ஆச்சி தனியாக இருக்கிறார். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும். நாங்கள் என்ன செய்ய முடியும்?

செட்டிநாட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்கு வீட்டு வாசலிலேயே கிடைக்கும் வேலை இது. செய்பவர்தான் குறைவு. ஆச்சி பணக்காரர்தானே, அவருக்கு என்ன சேவை என்று தோன்றுகிறது. மத்தேயு 25இல் பசி, தாகத்தோடு நோயாளியைப் பார்க்கப் போவதும் சேர்ந்தே இருக்கிறது. அங்கே வருமானச் சான்று யாரும் கேட்கவில்லை.

வாரம் இரண்டு நாள், குறித்த நேரத்தில், கால் மணி நேரம் போங்கள். சொன்ன நாளில் போகாமல் இருப்பதை விட ஆரம்பிக்காமலே இருக்கலாம். அவர் முகப்புத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பார். போனதும் கண்ணில் பட வேண்டியவை:

மாத்திரை அட்டை. மாதம் 30 மாத்திரையில் இருபதாம் தேதி 20 மிச்சம் இருந்தால் பாதிநாள் போடவில்லை. காரைக்குடி டாக்டர் ஒன்றும் மதுரை டாக்டர் ஒன்றுமாக, வேறு வேறு பெயரில் ஒரே மருந்தை எழுதியிருப்பதும் நடக்கும். பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றாக இருந்தால் நீங்களாக நிறுத்தாமல், இரண்டு அட்டையையும் போட்டோ எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஏழு நாள் தடுப்பு உள்ள மாத்திரைப் பெட்டி வாங்கி ஞாயிறுதோறும் அடுக்கி வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

வளவு, அதாவது முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும். ஐப்பசி மழையில் முற்றத்து ஓரக் கல்லில் பாசி பிடிக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தண்ணீர் சிந்தினால் கண்ணாடி போல வழுக்கும். பட்டாலை என்னும் கூடத்திலிருந்து அடுப்படிக்கு அவர் நடக்கும் வழியில் பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டு, நகராதபடி தேங்காய்நார் மிதியடி போடுங்கள். இரவு எழுந்தால் தெரியும்படி சின்ன எல்இடி விளக்கு ஒன்று எரியட்டும். இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று வீட்டை முழுக்கப் புழங்கத் தேவையில்லை. படுக்கை, அடுப்படி, கழிப்பறை மூன்றும் பக்கத்தில் வரும்படி மாற்றிக்கொள்ள அவரே சம்மதித்தால் நல்லது.

கதவு. இந்த வீடுகளின் தேக்குக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு அவர் விழுந்துவிட்டால் ஆசாரி வந்தாலும் சீக்கிரம் திறக்க முடியாது. இரவில் உள்தாழுக்குப் பதில் வெளியிலிருந்தும் திறக்கும் பூட்டு, மறுசாவி அவர் நம்பும் பங்காளி வீட்டில், போன் எப்போதும் இடுப்புப் பையில் என்று ஏற்பாடு செய்யுங்கள். காஸ் ரப்பர் குழாயில் வருஷம் அச்சிட்டிருக்கும். ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

இனி, செய்யக் கூடாதவை. அவருடைய ஏடிஎம் அட்டையை வாங்கிப் பணம் எடுத்துத் தராதீர்கள்; வங்கிக்குக் கூடவே போங்கள். சொத்துப் பத்திரம் எதிலும் சாட்சிக் கையெழுத்துப் போடாதீர்கள், அந்த வீட்டுக்கு எத்தனை பங்கு என்று உங்களுக்குத் தெரியாது. அன்பாகக் கொடுத்தாலும் பழைய வெண்கலப் பாத்திரம், மரச்சாமான், படம் எதையும் வாங்கிவராதீர்கள். பழம்பொருள் வியாபாரம் சூடாக நடக்கும் ஊரில் ஒரு குத்துவிளக்கு காணாமல் போனால் முதலில் பெயர் அடிபடுவது வந்துபோகிறவர்தான். முதல் வாரமே பிள்ளைகளிடம் போனில் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் முதியோர் உதவி எண் 14567. யாராவது ஓடிபி கேட்டுப் பணத்தை எடுத்துவிட்டால் உடனே 1930.

பென்ஷன், காப்பீடு என்று படிவம் நிரப்பிக் கொடுப்பதெல்லாம் சேவையா?

பிரசங்கத்தில் வராத சேவை, ஆனால் ஒரு மாலை வேலைக்கு இதைவிடப் பலன் தருவது அபூர்வம். ஒருவருக்கு நீங்கள் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுப்பது எத்தனை நாள் நடக்கும்? முதியோர் ஓய்வூதியம் தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ரூபாய் ஆனது. கிடைத்துவிட்டால் மாதாமாதம் வரும். விண்ணப்பம் இ-சேவை மையத்தில் போட்டு, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை தாண்டி வட்டாட்சியரிடம் போகும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். உடம்புக்கு வந்த பிறகு அலைவதை விட இப்போதே எடுத்து வைப்பது மேல்.

விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் பெயரால்தான். ஆதாரில் கணவர் பெயர், குடும்ப அட்டையில் அப்பா பெயர், வங்கியில் தலைப்பெழுத்து பின்னால். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று என்று நம்மவர்களுக்கு இந்தச் சிக்கல் கூடுதல். எல்லா ஆவணத்தையும் மேசையில் பரப்பி முதலில் பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிடுங்கள். பொருந்தாததைத் திருத்திவிட்டுப் பிறகு விண்ணப்பியுங்கள். மூலச் சான்றை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள், அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடன் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டுமா?

திரும்ப எதிர்பாராமல் கொடுக்கச் சொல்கிறது லூக்கா 6:35. நீதிமொழிகள் 22:26-27, பிணை நிற்காதே, கடைசியில் உன் படுக்கையும் போய்விடும் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வழி தெரியும். போனாலும் உங்கள் வீட்டு உலை நிற்காத தொகையைக் கைமாற்றாகக் கொடுங்கள், வட்டி வாங்காதீர்கள். அதற்கு மேல் கேட்டால் இல்லை என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பார்க்கலாம் என்று இழுப்பதால் அவர் வேறு இடத்தில் கேட்பதும் தள்ளிப்போகிறது. பிணைக் கையெழுத்து, உங்கள் பெயரில் நகை அடகு, உங்கள் பெயரில் தவணைக்கு வண்டி, மூன்றும் வேண்டாம்.

கந்துவட்டியில் மாட்டியவர் வந்தால் புதுக்கடன் தீர்வு ஆகாது. யாருக்கு எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, எதை எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுத உதவுங்கள். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் அதீத வட்டிக்குத் தடைச் சட்டம் இருக்கிறது. புகார் கொடுக்க அவர் துணிந்தால் காவல் நிலையத்துக்கோ ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கோ கூடப் போங்கள். கூடப் போக ஆள் இல்லாமல்தான் பலர் வட்டியே கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கோடையில் மோர்ப்பந்தல் போடுகிறோம். நூறு பேருக்கு எவ்வளவு?

தலைக்கு 200 மில்லி என்றால் 20 லிட்டர். தயிர் 4 லிட்டர், தண்ணீர் 16 லிட்டர், உப்பு 100 கிராம், இஞ்சி 50 கிராம், பச்சை மிளகாய் பத்து, கறிவேப்பிலை, கொத்தமல்லி, பெருங்காயம். இஞ்சி மிளகாயைத் தட்டி, வடிகட்டிய சாறாகச் சேர்த்தால் குழந்தைகளுக்குத் தொண்டையில் மாட்டாது. மொத்தத்தையும் காலை எட்டு மணிக்கே கலந்துவிட்டால் ஒரு மணிக்கு வாயில் வைக்க முடியாத புளிப்பு. பாதியை மட்டும் கலந்து, மீதித் தயிரைக் குளிர்ந்த இடத்தில் வைத்திருந்து பதினொன்றரைக்குக் கலக்குங்கள்.

தண்ணீர்ப் பானை புதிதென்றால் ஓர் இரவு முழுக்க நீர் ஊற்றி ஊறவைத்துக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். ஏடிஸ் கொசு நீர்மட்ட ஓரத்தில் முட்டையை ஒட்டி வைக்கும், வெறுமே அலசினால் போகாது. வாரம் ஒருமுறை நாரால் தேய்க்க வேண்டும். சாயங்காலம் பானையைக் கவிழ்த்துவிடுங்கள். பலர் முதல் வாரம் ஆர்வமாகப் போட்டுவிட்டு இரண்டாம் வாரத்தில் காலிப் பானையை ரோட்டோரம் விட்டுவிடுகிறார்கள். பத்து நாள் போட ஆள் இருந்தால் பத்து நாள் என்று எழுதி வையுங்கள், போதும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் பக்தர்களுக்கு நாங்கள் தண்ணீர் கொடுக்கலாமா?

ஏன் கூடாது? ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுப்பது பற்றி மாற்கு 9:41இல் பேச்சு வருகிறது. நகரத்தார் காவடியும் அவர்களோடு பெருங்கூட்டமும் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் போகிறார்கள். ஊர்களுக்குப் பக்கத்தில் அன்னதானப் பந்தல் நெருக்கமாக இருக்கும். நடுவில் எதுவும் இல்லாத நீளம் எது என்று ஏற்கெனவே பந்தல் போடுபவர்களிடம் கேட்டு அங்கே நில்லுங்கள்.

அவர்கள் விரதத்தில் இருப்பவர்கள். பந்தல் பக்கம் அசைவம் சமைக்கவோ கொண்டுவரவோ கூடாது. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் கொல்லப்பட்ட புனித அருளானந்தர், போர்ச்சுகல் பிரபு குடும்பத்தில் பிறந்தும் இந்தச் சீமையில் காவி கட்டிப் புலால் தொடாமல் வாழ்ந்தார். பந்தல் நடக்கும் சில நாள் புலால் தவிர்ப்பது நமக்குக் கஷ்டமில்லை. வசனப் பலகை, துண்டுப் பிரசுரம் வேண்டாம். கால் கழுவ வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், கொப்புளத்துக்குச் சுத்தமான பஞ்சு, பிளாஸ்திரி, வேப்பெண்ணெய், இரவில் நடப்பவர் முதுகில் ஒட்ட ஒளிரும் ஸ்டிக்கர். ஸ்டிக்கருக்குச் செலவு சொற்பம், ரோட்டில் லாரிக்காரருக்கு ஆள் இருப்பது தெரியும்.

மதம் மாற்றத்தான் இதெல்லாம் என்று பேசுகிறார்களே?

பேசுவார்கள், எல்லாமே வீண் பேச்சும் அல்ல. அரிசிப் பையோடு ஜெபக் கூட்ட அழைப்பிதழும் வைத்துக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். இலவசமாகப் பெற்றீர்கள், இலவசமாகக் கொடுங்கள் என்பது மத்தேயு 10:8. அழைப்பிதழ் சேர்ந்துவிட்டால் அது இலவசம் ஆகாது. உதவி கொடுக்கும் நாளில் விசுவாசத்தைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள். அவரே கேட்டால் பதில் சொல்லுங்கள். பெறுபவர் பட்டியலில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பத்தியே இருக்கக் கூடாது.

முதல் நற்கருணை, கல்யாண விருந்தில் மீந்ததை அனாதை இல்லத்துக்குக் கொடுக்கலாமா?

சமைத்து நாலு மணி நேரம் வெளியில் இருந்த கறி, முட்டை, தேங்காய் அரைத்த குழம்பு, சோறு எதையும் கொடுக்காதீர்கள். ஆறிக் கிடந்த சோற்றில் சில கிருமிகள் விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. மூன்றாம் பந்தி முடிந்து நாலு மணிக்கு அண்டாவை வழித்து வேனில் ஏற்றுவதுதான் வழக்கமாக நடக்கிறது, குழந்தைகள் வாந்தி எடுப்பதும் அதனால்தான்.

முதல் பந்திக்கு முன் அனுப்புங்கள். ஐம்பது குழந்தைகளுக்குச் சீரகச் சம்பா ஐந்தரைக் கிலோ, அதே அளவு கறி சேர்த்துச் சமையல்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் தனி அண்டாவில் போட்டுத் தருவார். இல்லத்தில் அன்று வேறு யாராவது சாப்பாடு கொடுக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பிரியாணியும் புதன்கிழமை ரசமும் அங்கே சகஜம்.

ஆனால் லூக்கா 14:12-14 சொல்வது சாப்பாட்டை அனுப்புவதை அல்ல, ஆட்களை அழைப்பதை. தெரு கூட்டுபவர், சலவை செய்பவர், குழி வெட்டுபவர் குடும்பத்தோடு வந்து முதல் பந்தியில் உங்கள் சம்பந்தி பக்கத்தில் உட்கார வேண்டும். இதற்குச் செலவு அதிகமில்லை. தைரியம்தான் அதிகம் வேண்டும்.

பழைய துணி?

நீங்கள் நாளைக்கே உடுத்திக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவீர்கள் என்றால் கொடுங்கள். துவைத்து, பட்டன் தைத்து, அளவு எழுதி, மடித்து. உள்ளாடை புதிதாக மட்டும். மற்றவை கரித்துணிக்கு.

சாவு வீட்டில் என்ன உதவி தேவைப்படும்?

முதல் ஆறு மணி நேரம் ஓடியாட ஆள்: குளிர்பெட்டி, நாற்காலி, பந்தல், குழி, பூசைக்குப் பங்குத்தந்தையிடம் சொல்வது, வெளியூர்க்காரர்களுக்குப் போன். ஒருவர் நோட்டுடன் உட்கார்ந்து யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்று எழுத வேண்டும், துக்கத்தில் இருக்கும் வீட்டில் பணம் எங்கே போனதென்றே தெரியாது. சர்க்கரை நோயாளிகள் பசியோடு உட்கார்ந்திருப்பார்கள், டீயும் பன்னும் அவர்களுக்கு முதலில்.

அதன்பிறகு எல்லாரும் மறப்பது பதிவு. இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. தாண்டினால் தாமதக் கட்டணம், ஓராண்டு தாண்டினால் வருவாய்க் கோட்டாட்சியர் வரை அலைச்சல். மருத்துவமனையில் இறந்தால் அங்கேயே விவரம் போகும். வீட்டில் இறந்தால் நகரத்தில் உள்ளாட்சி அலுவலகம், கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலர். பத்தாம் நாள் ஒருவர் போய்ப் பதிந்துவிட்டு வந்தால் விதவை ஓய்வூதியம், வங்கி, வாரிசுச் சான்று எல்லாவற்றுக்கும் அடிப்படை கையில் இருக்கும். நாற்பதாம் நாளுக்குப் பிறகு யாரும் வராமல் போவார்கள். அப்போதுதான் போக வேண்டும்.

புதுவயல் அரிசி ஆலைகளில் வேலை செய்யும் வடநாட்டுப் பிள்ளைகளுக்கு?

முதலில் பெயரைக் கேட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர்கள் ஊர்க் குடும்ப அட்டை ஆதாருடன் இணைந்திருந்தால் ஒரே நாடு ஒரே அட்டைத் திட்டத்தில் இங்கேயே ரேஷன் வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. காய்ச்சல் வந்தால் மருந்துக் கடையில் நிற்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். இந்தி தெரிந்த ஒருவர் போனில் இருந்தாலே போதும்.

ஐந்தாறு குடும்பம் சேர்ந்து செய்கிறோம். கணக்கில் மனஸ்தாபம் வருகிறது.

முதல் சபையிலேயே வந்தது. பந்தி விசாரிப்பில் தங்கள் விதவைகளை ஒதுக்குகிறார்கள் என்று ஒரு பிரிவினர் முறையிட்டதும், நற்பெயர் உள்ள ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து அந்த வேலையை ஒப்படைத்தார்கள் (அப்போஸ்தலர் பணிகள் 6). முறையிட்டவர்களைக் கண்டிக்கவில்லை, ஏற்பாட்டை மாற்றினார்கள்.

பணம் ஒருவரிடம், நோட்டு இன்னொருவரிடம். தேதி, யார் கொடுத்தது, எதற்குச் செலவு, மீதி என நாலு பத்தி. மாதம் ஒருமுறை எல்லாரும் பார்த்துக் கையெழுத்து. பெற்றவர் பெயருக்குப் பதில் எண் போடுங்கள். நோட்டு யார் கையிலும் சிக்கும். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் குழுவுக்குப் பணம் அனுப்புகிறேன் என்றால் கவனம். அவர் இந்தியக் குடியுரிமையை விட்டுவிட்டவர் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை; வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) பதிவு இல்லாத குழு அதை வாங்கக் கூடாது.

கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். வீட்டில் சண்டை வருகிறது.

மாதத்துக்கு இவ்வளவு ரூபாய், வாரத்துக்கு இவ்வளவு மணி நேரம் என்று கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஒருவர் தாராளம், ஒருவர் சமையல் என்று போனால் சண்டை வரத்தான் செய்யும். வருபவருக்குச் சோறு போடச் சொல்பவர் பாத்திரமும் துலக்கட்டும். தொகை தீர்ந்துவிட்டால் அடுத்த மாதம் வரச் சொல்லுங்கள், அல்லது கொடுக்கக்கூடிய இன்னொருவரிடம் அழைத்துப் போங்கள்.

போட்டோ எடுத்துக் குழுவில் போட்டால் மற்றவர்களுக்கும் ஆர்வம் வருமே?

அரிசிப் பையைப் போட்டோ எடுங்கள், பில்லை எடுங்கள், மோர்ப்பானையை எடுங்கள். கை நீட்டி வாங்குபவரின் முகத்தை எடுக்காதீர்கள். பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரத்தில் அந்தப் படம் யார் போனிலிருந்தாவது வெளியே வரும். அவரே சம்மதித்தாலும் வேண்டாம்; கொடுப்பவரிடம் மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியாது. பையில் உங்கள் குடும்பப் பெயர், ஸ்டிக்கர், பங்கின் முத்திரை எதுவும் வேண்டாம். சாதாரண மளிகைக் கடைப் பையில் போட்டு, பொழுது சாய்ந்த பிறகு, பின்வாசல் பக்கம் கொடுத்துவிட்டு வாருங்கள்.